பதிவான கிரயத்தைப் பதிவு அலுவலர் ரத்து செய்ய முடியுமா?

சட்டப் பகுதி: வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

கிரயப் பத்திரம் ரத்தாவதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் 2014இல் ஒரு வீட்டுமனையை வாங்கி, முழுத் தொகையையும் வங்கி மூலம் செலுத்திக் கிரயம் பதிவு செய்தேன். மனையைச் சுற்றி வேலியும் போட்டிருக்கிறேன். அண்மையில் வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றபோது வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். எனக்கு விற்றவரே 2015இல் என் கையெழுத்து இல்லாமல், எனக்குத் தெரியாமல், ‘கிரய ரத்துப் பத்திரம்’ ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு 2017இல் அதே மனையை வேறொருவருக்கு விற்றும் இருக்கிறார். சார்பதிவாளரிடம் முறையிட்டால், ‘பதிவு செய்ததை எங்களால் நீக்க முடியாது, கோர்ட்டுக்குப் போங்கள்’ என்கிறார். தவறாகப் பதிவு செய்த அலுவலகமே அதை ஏன் நீக்கக் கூடாது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சார்பதிவாளர் இப்போது சொல்வது சட்டப்படி சரி. 2015இல் அந்த அலுவலகம் செய்ததுதான் தவறு.

முதலில் அந்த ரத்துப் பத்திரத்தின் மதிப்பைப் பார்ப்போம். விற்பவர் கையெழுத்திட்டு, பத்திரம் முறைப்படி பதிவாகிவிட்டால் சொத்தின் உரிமை வாங்கியவருக்கு மாறிவிடுகிறது. அதன்பின் விற்றவரிடம் ரத்து செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை; தன்னிடம் இல்லாத உரிமையைத் தனக்குத் தானே எழுதிக்கொள்ள அவரால் இயலாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, லத்தீப் எஸ்டேட் வழக்கில் 2011 பிப்ரவரியிலேயே இதைத் தெளிவாகக் கூறிவிட்டது: முழுமையடைந்த கிரயத்தை விற்றவர் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது, ரத்து வேண்டுமானால் அவர் சிவில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதே முடிவை எடுத்திருந்தது. ஆக, உங்கள் விற்பனையாளர் 2015இல் ரத்துப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்றபோதே, அது ஏற்கத்தக்கதல்ல என்ற தீர்ப்பு நான்கு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது. தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016இல் நடைமுறைக்கு வந்த பிறகு, கிரயத்தின் கீழ் உரிமை கோருபவரின் சம்மதமில்லாத ரத்துப் பத்திரத்தைப் பதிவு அலுவலர் மறுத்தே ஆக வேண்டும் என்பது சட்ட வாசகமாகவே ஆகிவிட்டது.

அப்படியானால் அதே அலுவலர் அதை ஏன் அழிக்க முடியாது? 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் பதிவு அலுவலருக்கு அளித்திருக்கும் அதிகாரம் பெரும்பாலும் பதிவுக்கு முந்தைய கட்டத்தைச் சேர்ந்தது. ஆவணத்துடன் வந்திருப்பவர் அதில் குறிப்பிடப்பட்டவர்தானா, அவர் கையெழுத்திட்டதை ஒப்புக்கொள்கிறாரா, உரிய காலத்துக்குள் தாக்கல் செய்யப்பட்டதா, உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டதா என்று பார்த்து, பதிவு செய்வது அல்லது காரணத்தை எழுதி மறுப்பது அவர் வேலை. ஆவணம், அசையாச் சொத்து ஆவணங்களுக்கான பதிவேடாகிய முதலாம் புத்தகத்தில் ஏறி, பதிவுச் சான்று எழுதப்பட்டபின் அவர் பணி முடிந்துவிடுகிறது. போபாலில் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் 1962இல் உறுப்பினருக்குக் கிரயம் செய்துகொடுத்த மனையை, அவர் இறந்தபின் 2001இல் ஒருதலையான பத்திரம் மூலம் திரும்ப எடுத்துக்கொண்டு மற்றொருவருக்கு ஒதுக்கியது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 அக்டோபரில் அளித்த தீர்ப்பு முக்கியமானது. ஒருமுறை பதிவான ஆவணத்தை, பதிவில் முறைகேடு நடந்தது என்று பின்னர் சொல்லப்பட்டாலும், திரும்பப் பெறும் அதிகாரம் எதையும் பதிவுச் சட்டம் பதிவாளருக்கு வழங்கவில்லை என்று அது கூறியது. இந்த விதி உங்கள் கிரயத்தையும் காக்கிறது. உங்களுக்கு எதிரான ரத்துப் பத்திரத்தையும் அதே அளவுக்கு ஏட்டில் நிறுத்தி வைக்கிறது. கசப்பான நிலைதான். ஆனால் நாளை ஒரு மனுவின் பேரில் அலுவலர் ஒருவர் உங்கள் 2014ஆம் ஆண்டுக் கிரயத்தை நீக்கிவிட முடியாமல் இருப்பதும் இதே விதியினால்தான்.

இனி உங்களுக்குள்ள வழிகள். ஒருதலையான ரத்துப் பத்திரங்கள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மற்றொரு முழு அமர்வு 2022 செப்டம்பரில் விரிவாகத் தீர்ப்பளித்தது. உயில் போன்றவை தவிர, உரிமை மாற்றும் ஆவணம் எதையும் எழுதிக்கொடுத்தவர் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது, அப்படிச் செய்தது தொடக்கத்திலிருந்தே செல்லாது, அதை எதிர்த்து அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம் என்று அது கூறியது. ரத்துப் பத்திரம் மட்டுமே இருந்திருந்தால், நான் உங்களை மதுரைக் கிளைக்கு ரிட் மனுவுடன் போகச் சொல்லியிருப்பேன். உங்கள் விவகாரத்தில் 2017இல் வாங்கிய மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் பணம் கொடுத்து வாங்கியதாகவும் தனக்கு எதுவும் தெரியாது என்றும் சொல்வார். சாட்சியங்களைப் பதிவு செய்து முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தால், ரிட் மனுவில் ‘சிவில் நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள்’ என்று உத்தரவாகி ஓரிரு ஆண்டுகள் வீணாகக்கூடும். எனவே மனை அமைந்துள்ள எல்லைக்குரிய சிவில் நீதிமன்றத்தில், மனை உங்களுடையது என்ற விளம்புகையும் (நீதிமன்ற அறிவிப்பும்), ரத்துப் பத்திரமும் 2017 கிரயமும் உங்களைக் கட்டுப்படுத்தா என்ற விளம்புகையும், மனை உங்கள் அனுபவத்தில் (கைவசத்தில்) இருப்பதில் தலையிடாதிருக்க உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவும்) ஒரே வழக்கில் கேட்பதே மேல் என்பது என் கருத்து. மனை இன்னும் உங்கள் வேலிக்குள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அனுபவம் கைமாறிவிட்டால் சுவாதீனத்தையும் (மனையைத் திரும்ப ஒப்படைப்பதையும்) சேர்த்துக் கேட்க வேண்டிவரும்; வழக்கு நீளும்.

விளம்புகை கேட்பதற்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். ரத்துப் பத்திரம் 2015இல் பதிவானதால் காலம் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். பதிவு என்பது உலகுக்கே அறிவிப்பு என்ற பேச்சு நீதிமன்ற வளாகங்களில் அடிக்கடி கேட்பதுதான். ஆனால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பதிவான ஆவணத்தைப் பற்றிய அறிவு இருப்பதாகக் கருதுவது அதன்பின் அந்தச் சொத்தை வாங்குபவர் விஷயத்தில்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர் ஆண்டுதோறும் வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இதே வாதம் 2017இல் வாங்கியவருக்கு எதிராக உங்களுக்குப் பயன்படும்: உங்கள் 2014 கிரயம் ஏட்டில் இருந்ததை அவர் அறியவில்லை என்று சொல்ல முடியாது. வங்கிக்குச் சென்ற தேதியையும் வில்லங்கச் சான்று பெற்ற தேதியையும் காட்டும் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கில் வென்றபின் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவுகள் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தனிவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, ஒரு பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்தால் தீர்ப்பாணையின் நகல் சம்பந்தப்பட்ட பதிவு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, அந்தப் பத்திரத்தின் ஏட்டுப் பிரதியில் ரத்து விவரம் குறிக்கப்படும். பழைய பதிவும் அங்கேயே இருக்கும், அதன் மேல் குறிப்பும் இருக்கும். வங்கிக்கு அந்தக் குறிப்பு போதும்.

கேள்வி: என் தகப்பனார் பெயரிலிருந்த நிலத்தை, அவரைப் போல வேறொருவரை நிறுத்தி, போலி அடையாள அட்டை காட்டி 2019இல் விற்றிருக்கிறார்கள். எங்களுக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது. மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுத்தோம்; அந்தச் சட்டப்பிரிவு இப்போது இல்லை என்று திருப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரருக்கு இதேபோன்ற மோசடியில் 2023இல் மாவட்டப் பதிவாளரே பத்திரத்தை ரத்து செய்து உத்தரவு கொடுத்தார். அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இடையில் சட்டம் இருமுறை மாறியதுதான் காரணம்.

2011 நவம்பரில் பதிவுத்துறைத் தலைவர் 67ஆம் எண் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஆள்மாறாட்டம், போலி ஆவணம் பற்றிய புகார்களை மாவட்டப் பதிவாளர்கள் விசாரிக்கலாம் என்றும், மோசடி என்று தெரிந்தால் அதைப் பதிவேட்டில் குறிப்பாக எழுதலாம் என்றும் அதில் வழி செய்யப்பட்டது. பதிவாளருக்குச் சட்டத்தின் 68ஆவது பிரிவில் உள்ள மேற்பார்வை அதிகாரமே அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்டது. சட்டம் தராத ரத்து அதிகாரத்தைச் சுற்றறிக்கையால் உண்டாக்க முடியுமா என்ற சிக்கல் அதனுடன் தொடர்ந்தே வந்தது. அதைத் தீர்ப்பதற்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் பதிவுச் சட்டத்தையே திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2022 ஆகஸ்டு 16 முதல் 22-பி, 77-ஏ, 77-பி ஆகிய பிரிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போலியான ஆவணத்தைப் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்றது 22-பி. 22-ஏ அல்லது 22-பிக்கு முரணாகப் பதிவாகிவிட்ட ஆவணத்தை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பின்னர் வாங்கியவர்கள் ஆகிய அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பி விசாரித்து ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு 77-ஏ கொடுத்தது. அந்த உத்தரவின் மேல் பதிவுத்துறைத் தலைவரிடம் முறையீடு செய்ய 77-பி வழி வைத்தது. உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் 2023இல் பெற்ற உத்தரவு இந்தப் பிரிவின்படி வந்தது.

2024 ஜூலை 19 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, 77-ஏ பிரிவு அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு முரணானது, எனவே செல்லாது என்று அறிவித்துவிட்டது. அதன்பின் உங்கள் மனுவை எடுத்து விசாரிக்க மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை.

இந்தத் தீர்ப்பைக் குறைகூறும் கடிதங்களும் எனக்கு வந்துள்ளன. ‘ஏழைகளுக்குச் செலவில்லாமல் கிடைத்த ஒரே வழியும் போயிற்றே’ என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. வெளிநாட்டில் இருப்பவர், முதியவர், கிராமத்தை விட்டு நகரத்துக்குச் சென்றுவிட்டவர் ஆகியோரின் நிலத்தை ஆள்மாறாட்டத்தால் விற்பவர்கள் எண்ணியே செய்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடர்ந்து பல ஆண்டுகள் அலைந்து களைத்துப்போவார் என்பது அவர்கள் கணக்கு. சட்டத் திருத்தத்தின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலி எது, அசல் எது என்று முடிவு செய்வது எவ்வளவு கடினமான வேலை என்பதையும் பார்க்க வேண்டும். கையெழுத்தையும் கைரேகையையும் நிபுணர் ஒப்பிட வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். உண்மையிலேயே எழுதிக்கொடுத்துவிட்டு, நில விலை ஏறியபின் ‘அது நானில்லை’ என்று வருபவரையும் அடையாளம் காண வேண்டும். அப்படி வருபவர்கள் குறைவு என்று எண்ண வேண்டாம். பதிவு வருவாய்க்கும் அலுவலக நிர்வாகத்துக்கும் பொறுப்பான ஓர் அதிகாரி, சில அமர்வுகளில், எந்தக் காலவரம்பும் இல்லாமல், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரத்தைக்கூட ரத்து செய்யலாம் என்றால், நேர்மையாக வாங்கியவரும் நிம்மதியாக இருக்க முடியாது. சிவில் வழக்கு நீள்கிறது என்பது நீதிமன்றத்தைச் சீர்செய்வதற்கான காரணம். நீதிமன்றத்தின் வேலையை மேசையை மட்டும் மாற்றி வேறொருவரிடம் கொடுப்பதற்கான காரணமாக அதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். அந்த உத்தரவை எதிர்த்து மறுதரப்பு உயர் நீதிமன்றம் சென்றால், உத்தரவு நிற்கும் பிரிவே செல்லாது என்ற வாதத்தை அவர் எதிர்கொள்ள நேரிடும். அவரும் தன் உரிமையைச் சிவில் நீதிமன்றத்தில் விளம்பிக்கொள்வது நல்லது என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. சிவில் வழக்கில், உங்கள் தகப்பனார் அந்தப் பத்திரத்தில் கையெழுத்தே இடவில்லை என்பதால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதை விட, அது அவரைக் கட்டுப்படுத்தாது, செல்லாது என்று விளம்பக் கேட்பதே பொருத்தம். எழுதிக்கொடுத்தவர் ரத்து கேட்க வேண்டும், எழுதிக்கொடுக்காதவர் விளம்புகை கேட்டால் போதும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கிய வேறுபாடு. நீதிமன்றக் கட்டணமும் இதைப் பொறுத்து மாறும். தமிழ்நாட்டில் 2017இல் மதிப்பு அடிப்படையிலான நீதிமன்றக் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால், முன்பைப் போல அது தடையாக இருப்பதில்லை. தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்ற வரம்பு உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அலுவலகத்தில் மனு நிலுவையில் இருப்பதால் அந்தக் காலம் தானாக நின்றுவிடாது.

மற்றொன்று குற்றவியல் வழி. பதிவு அலுவலரின் முன் ஆள்மாறாட்டம் செய்வதும் பொய் வாக்குமூலம் தருவதும் பதிவுச் சட்டத்தின் 82ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பெற்று, அதில் ஒட்டப்பட்டுள்ள புகைப்படத்தையும் பதிவான கைரேகையையும் முதலில் பாருங்கள். உரிமை மாற்றும் பத்திரங்களில் இரு தரப்பினரின் புகைப்படமும் கைரேகையும் கட்டாயம் என்று சொல்லும் 32-ஏ பிரிவு 2001இல் சேர்க்கப்பட்டது. உங்கள் வழக்கில் மிக வலுவான சான்று அந்தத் தாளிலேயே இருக்கலாம். பத்திரம் ரத்தாவதற்குக் குற்ற வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ரிட் மனு பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஆவணத்தை எழுதுவதில் நடந்த மோசடி வேறு, அதைப் பதிவு செய்வதில் அலுவலர் தன் கடமையைச் செய்யத் தவறியது வேறு என்று பிரித்துக் காட்டியது. கொடுக்கப்படாத அதிகாரத்தைக் காட்டி ஒரு முகவர் விற்றதை, அதிகாரப் பத்திரத்தைப் படித்தே பார்க்காமல் பதிவு செய்ததுபோன்ற தவறு ஆவணங்களிலேயே வெளிப்படையாகத் தெரிந்தால், உயர் நீதிமன்றம் அந்தப் பதிவையே ரத்து செய்யலாம். உங்கள் விவகாரத்தில் அடையாள அட்டையே போலி என்பதால் அலுவலர் ஏமாற்றப்பட்டாரா, உடந்தையா என்பதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். ஆகவே இந்த வழி உங்களுக்கு உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நான் விற்ற நிலத்துக்கு இன்னும் எட்டு லட்சம் ரூபாய் பாக்கி. ‘பதிவு முடிந்ததும் தருகிறேன்’ என்று சொன்னவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் எழுதிவிட்டோம். பணம் வராத கிரயத்தை ரத்து செய்யச் சார்பதிவாளருக்கு மனு கொடுக்கலாமா?
– வாசகர், தருமபுரி

பதில்: கொடுக்கலாம், பயனில்லை. நீதிமன்றம் சென்றாலும் இந்தக் காரணத்துக்காக மட்டும் கிரயம் ரத்தாகாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, கொடுத்த விலைக்கு மட்டுமல்லாமல், கொடுப்பதாக உறுதியளித்த விலைக்கும், பகுதி கொடுத்துப் பகுதி உறுதியளித்த விலைக்கும் நடக்கும் மாற்றத்தையும் விற்பனை என்றே வரையறுக்கிறது. விலை பாக்கி இருப்பதாலேயே பதிவான விற்பனை செல்லாமல் போகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் மீண்டும் உறுதிசெய்தது.

உங்களுக்கு உள்ளது பணத்தைப் பெறும் உரிமை. 55ஆவது பிரிவின்படி, செலுத்தப்படாத விலைக்காக அந்த நிலத்தின் மீதே உங்களுக்கு ஒரு பொறுப்புரிமை (நிலத்திலிருந்தே பாக்கியை வசூலிக்கும் உரிமை) உண்டு. வாங்கியவர் அந்த நிலத்தைப் பாக்கி பற்றித் தெரிந்த ஒருவருக்கு விற்றிருந்தாலும், அல்லது விலையின்றி மாற்றிக் கொடுத்திருந்தாலும், அந்த உரிமை நிலத்தைத் தொடர்ந்து செல்லும். அதை நிலைநாட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. வாங்கியவரிடமிருந்து கடனாக வசூலிக்கும் வழக்குக்கு மூன்று ஆண்டுகள்தான் என்பதால் தாமதிக்க வேண்டாம். ‘முழுத்தொகையும் பெற்றேன்’ என்ற வாசகம் உங்களுக்கு எதிரான வலுவான சான்று. ஆனால் அது முடிவான சான்று அன்று. அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், வங்கிக் கணக்கு விவரம், இடைத்தரகரின் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டு உண்மையைக் காட்ட உங்களுக்கு வாய்ப்பு உண்டு. முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். அந்த எட்டு லட்சத்தை ரொக்கமாகப் பேசியிருந்தால் அது வேறொரு தலைவலி: அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, மீறினால் பெறுபவர்தான் அபராதம் கட்ட வேண்டும்.

கேள்வி: எனக்கு 74 வயது. வீட்டை மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறு போடுவதுகூட இல்லை. செட்டில்மெண்டை நானே ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று பத்திர எழுத்தர் சொல்கிறார். செய்யலாமா அம்மா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. முன்னர் சொன்ன 2022 முழு அமர்வுத் தீர்ப்பு தானப் பத்திரங்களுக்கும் பொருந்தும். குறிப்பிட்ட நிகழ்வு நடந்தால் ரத்தாகலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய தானத்துக்கு மட்டுமே, சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி விலக்கு உண்டு. உங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டால், எழுத்தர் சொல்கிறபடி செய்வது வீண் செலவு.

ஆனால் உங்களுக்கென்றே வேறொரு சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன் 23ஆவது பிரிவின்படி, அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர் அப்படிக் கவனிக்காவிட்டால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்படும். அதைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் கோட்டாட்சியர்தான். பதிவு அலுவலருக்கு இல்லாத அதிகாரம் வருவாய் அலுவலருக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். நாடாளுமன்றச் சட்டம் அவரைத் தீர்ப்பாயமாகவே அமைத்து, எந்த வகை ஆவணத்தில், எந்தக் காரணத்துக்காக என்று எல்லை வகுத்து அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்பதே பதில்.

நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் கண்டிப்பாக இருந்தது. 2025 ஜனவரியில், இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாய்க்குச் சொத்தைத் திரும்ப வழங்கியது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றமும், அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக்கொடுப்பதாகப் பத்திரம் சொல்லும்போது பராமரிப்பு என்ற நிபந்தனை அதில் உள்ளடங்கியதே என்ற கருத்தை ஏற்றது. உங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மனுவை நீங்களே வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். மகனிடமிருந்து மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் அதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் பொதுச் சொத்தை என் அண்ணன் தனியாக விற்கப் போகிறார் என்று தெரிகிறது. பதிவான பிறகு எதுவும் செய்ய முடியாது என்கிறீர்கள். முன்கூட்டியே சார்பதிவாளரிடம் தடை மனு கொடுத்தால் நிறுத்துவாரா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பெரும்பாலும் நிறுத்த மாட்டார். அதற்காக அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஆவது விதி இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது: எழுதிக்கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இல்லை என்ற எதிர்ப்பை, வாய்மொழியாக வந்தாலும் எழுத்தில் வந்தாலும், பதிவு அலுவலர் கருத்தில் கொள்ளத் தேவையில்லை. வந்திருப்பவர் அவர் சொல்லும் ஆள் இல்லை, ஆவணம் போலி, முகவராக வந்தவருக்கு அதிகாரமில்லை, இறந்ததாகச் சொல்லப்படுபவர் இறக்கவில்லை, எழுதிக்கொடுப்பவர் மைனர் அல்லது மனநலம் குன்றியவர் என்பன போன்ற ஆட்சேபங்களை மட்டுமே அவர் கேட்டாக வேண்டும். உங்கள் ஆட்சேபம் அண்ணனுக்கு முழு உரிமை இல்லை என்பது. அது முதல் வகை.

2022இல் சேர்க்கப்பட்ட 55-ஏ என்ற விதியில், முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. உரிமையை ஆராயும் வேலையைப் பதிவுச் சட்டம் பதிவு அலுவலருக்குக் கொடுக்கவில்லை, விதியால் அதைக் கொடுக்க முடியாது என்று கூறி அந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும் பத்திரம் பதிவாகலாம். அப்படிப் பதிவாவதால் இல்லாத உரிமை வாங்குபவருக்கு வந்துவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அரசு நிலம், அறநிலையத்துறைக்கு உட்பட்ட கோயில் நிலம், வக்பு நிலம், அங்கீகாரமில்லாத மனை போன்றவற்றில் 22-ஏ மறுக்கச் சொல்வது தனி.

ஆகவே பாகப்பிரிவினை வழக்குத் தொடர்ந்து, சொத்தை விற்கக் கூடாது என்று இடைக்கால உறுத்துக்கட்டளை பெற்று, அந்த உத்தரவின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுங்கள். அதை மீறி விற்றாலும், வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடந்த விற்பனை வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கு வரும் முன்னரே விற்றுவிட்டால், உங்கள் பங்கு அளவுக்கு அந்தக் கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்கள் பாகத்தைப் பிரித்துக் கேட்டு வாங்கியவரையும் சேர்த்து வழக்குத் தொடரலாம்.

கேள்வி: என் பத்திரத்தைப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு உண்டா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உண்டு. முதலில் மறுப்பை எழுத்தில் காரணத்துடன் கேளுங்கள். 71ஆவது பிரிவின்படி அதைத் தருவது அவர் கடமை. அந்த உத்தரவின் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் 72ஆவது பிரிவின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். எழுதிக்கொடுத்தவர் கையெழுத்தை மறுத்ததால் பதிவு நின்றிருந்தால் வழி சற்று வேறு: அதே முப்பது நாட்களுக்குள் 73ஆவது பிரிவின் கீழ் மனு கொடுத்தால், மாவட்டப் பதிவாளர் சாட்சிகளை விசாரித்து, கையெழுத்து உண்மை என்று கண்டால் பதிவு செய்ய உத்தரவிடுவார். அவரும் மறுத்தால் மேலும் முப்பது நாட்களுக்குள் 77ஆவது பிரிவின்படி சிவில் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். உங்கள் கடிதத்தில் மறுத்த தேதி இல்லை. முப்பது நாட்கள் முடியாமல் இருந்தால் இந்த இதழை மூடிவைத்துவிட்டு இன்றே மனுவை எழுதுங்கள்.